அறைத் துணை

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது.

இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. காது மட்டும் வழக்கம்போல லீவில் இருக்கிறது. உன் மூட்டுவலி எப்படி, அண்ணி எப்படி இருக்கிறார் என்று எழுது. தயவுசெய்து போன் பண்ணாதே. போன தடவை நீ "மூட்டுவலி" என்று கத்தியது எனக்கு "வீட்டுவரி" என்று கேட்டு, "அதெல்லாம் போன மாசமே கட்டியாச்சு" என்று நான் சொல்ல, நீ கோபத்தில் வைத்துவிட்டாய். கைபேசியில் தட்டி அனுப்பு என்றால் உன் கட்டைவிரலுக்கு மூன்று எழுத்து ஒன்றாக அமுங்குகிறது. நமக்குக் கடிதம்தான் சரி.

விஷயம் இதுதான். நான் கப்பலில் போகப் போகிறேன். காட்டு மிருகங்களையும் கடல் மிருகங்களையும் பார்க்கக் கூட்டிப்போகும் சின்னக் கப்பல். அச்சகத்தில் இருந்த காலம் முழுக்க ஞாயிறு இணைப்புக்குத் திமிங்கலமும் கரடியும் ஆமையும் அச்சடித்தவள் நான். நீல மையைக் கொஞ்சம் தூக்கலாக வைத்தால்தான் காகிதத்தில் கடல் கடலாகத் தெரியும். நிஜத்தில் எவ்வளவு நீலம் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அந்த மெஷின் என் காதை வாங்கிக்கொண்டது, பதிலுக்கு எதையாவது கொடுக்கட்டுமே.

மூன்று வழி இருக்கிறது. வடக்கே போனால் வெள்ளைக் கரடி. தெற்கே போனால் பனிக்கட்டிக் கடலும் கணக்கில்லாத பென்குயினும். இரண்டும் வேண்டாம் என்றால் நடுக்கடலில் ஒரு தீவுக் கூட்டம். அங்கே ஆமையும் உடும்பும் மனுஷனைக் கண்டால் நகராதாம். நாம்தான் விலகி நடக்க வேண்டுமாம்.

ஒரு சிக்கல். பயண அலுவலகத்துக் கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். காது கேட்காதவர் கப்பல் அறையில் தனியாகத் தூங்கக் கூடாது. ராத்திரியில் அபாய மணி அடித்தால் எழுப்புவதற்கு ஒரு துணை வேண்டும். துணையின் பெயரைக் கொடுக்காமல் டிக்கெட் கிடையாது.

நீ தீத்தடுப்பு ஆய்வாளராக வேலை பார்த்தவன். தியேட்டருக்குப் போனால் திரையைப் பார்க்காமல் அவசர வழியைப் பார்ப்பவன். பக்கத்து வீட்டில் யாராவது இருமினாலே எழுந்து உட்காருபவன். உன்னைவிட நல்ல துணை எனக்கு யார்? வா அண்ணா. நீ வராவிட்டால் நான் போக முடியாது, அவ்வளவுதான் கதை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். பதில் சொல்லும்படிக் கட்டாயப்படுத்தாதே.

தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்,
தங்கை


ஜனவரி 25

அன்புள்ள டமாரத்துக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். மூட்டுவலி என்னோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறது. நீ குளிரில் அலையாதே. அண்ணி உன்னை ரொம்பவும் விசாரித்தாள். "பாவம், தனியா இருக்கா, நேரத்துக்குச் சாப்பிடுறாளோ என்னவோ" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

உன் வயதில் மற்றவர்கள் கண்ணாடி மாற்றுகிறார்கள், பல் கட்டுகிறார்கள். நீ கரடி பார்க்கக் கிளம்புகிறாய். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக இருக்கிறது. நீ அந்த ஓணானைத் தேடிக் கப்பலேறிப் போகிறேன் என்கிறாய்.

விசாரித்துப் பார்த்தேன். கரடி இருக்கும் கரையில் இறங்கினால் கூடவே துப்பாக்கியோடு ஒருவர் நடந்து வருவாராம். துப்பாக்கி தேவைப்படும் இடத்துக்கு உல்லாசப் பயணம் என்று பெயர் வைத்தவன் யார்? தெற்கே போகக் கொந்தளிக்கிற கடலை இரண்டு நாள் தாண்ட வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. கப்பலில் ஒரு டாக்டர் இருப்பாராம். அவரே வாந்தி எடுத்துக்கொண்டு படுத்துவிட்டால் அவரை யார் பார்ப்பது?

தவிர, உன் அண்ணியைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படிக் கிளம்புவது? அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வீட்டைப் பூட்டிப் போடவும் எனக்கு மனசில்லை.

ஆசையாக இருந்தால் டிவியில் பார். கீழே எழுத்து ஓடும். மிருகங்களும் நிம்மதியாக இருக்கும்.

அண்ணி கூப்பிடுகிறாள், எழுந்திருக்க வேண்டும். வருகிறேன்.
அண்ணன்


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை தைல பாட்டிலின் காலாவதி தேதியை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடுகிறாயா?

அண்ணி விசாரித்ததாக எழுதியிருந்தாய். கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உன் கையெழுத்துதான். சரி, நானும் விசாரித்ததாகச் சொல்.

கரடியை விட்டுவிட்டேன். உனக்குப் பயந்து அல்ல. துப்பாக்கிக்காரர் விஷயத்தை நீ எழுதிய பிறகு யோசித்தேன். அதன் வீட்டுக்கு நான் அழைப்பில்லாமல் போவேன், அது யாரென்று பார்க்கப் பக்கத்தில் வரும், அதற்காக அது சாக வேண்டும். என்ன நியாயம் இது? தெற்குக் கடலையும் விட்டுவிட்டேன். அதை மட்டும் மனசில்லாமல்தான் விட்டேன், அந்தப் பென்குயின்களுக்கு நம் பழைய ஹெட்மாஸ்டர் நடை.

ஆனால் தீவுகளுக்கு நீ என்ன குறை சொல்லிவிட முடியும்? குளிர் இல்லை, துப்பாக்கி இல்லை. வழிகாட்டி காட்டிய பாதையை விட்டு ஓர் அடி விலகக் கூடாது, எதையும் தொடக் கூடாது, செருப்பைக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். உனக்கென்றே எழுதி வைத்த சட்டம் மாதிரி இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அச்சகத்தில் அவ்வளவு இரைச்சலில் யாரும் வாயால் பேச மாட்டோம். எல்லாம் கை ஜாடைதான். மை குறைவு, தாள் கிழிந்தது, டீ வந்தாச்சு. வேலையை விட்டு வந்த பிறகு ஜாடை காட்ட யாரும் இல்லை. எதிரே வண்டிப் பட்டறை. அங்கே நாள் முழுக்கச் சுத்தியலால் அடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். எனக்கு எல்லாம் ஊமைப் படம். சில நாள் காலையில் எழுந்து, இன்றைக்கு யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போய், தேவையில்லாமல் பட்டன் வாங்கி வருகிறேன். டப்பா நிறைய பட்டன் இருக்கிறது.

இங்கே உட்கார்ந்துகொண்டு இப்படியே இருந்தால் பைத்தியம் பிடிக்கும் அண்ணா. கடலில் எல்லோருக்கும்தான் ஒன்றும் கேட்காது. காற்று அப்படி அடிக்குமாம்.

யோசித்து எழுது. இல்லை என்று சொல்வதற்கு மட்டும் யோசிக்காதே.

தங்கை


பிப்ரவரி 24

அன்புள்ள டமாரத்துக்கு,

நானும் அண்ணியும் சுகம். பட்டன் வாங்குவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுது. நான் பதில் போடத் தாமதமானாலும் எழுது.

தீவைப் பற்றிப் படித்தேன். ரப்பர் படகிலிருந்து ஈரப் பாறையில் கால் வைத்து இறங்க வேண்டும். பாசி பிடித்த பாறை. உன் இடுப்பு எலும்பு பாறையை ஜெயிக்காது. தவிர, நீ கரடிக்குச் சொன்ன நியாயம் ஆமைக்குக் கிடையாதா? பயப்படத் தெரியாத ஜீவன் என்றால் கூட்டம் கூட்டமாகப் போய் வாயைப் பிளந்துகொண்டு நிற்கலாமா? "என்னைப் பார்க்க வாங்க" என்று அது யாருக்குச் சீட்டு அனுப்பியது? நூறு வயது ஆமை. பெரியவர் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும்.

நீ குளிருக்குப் போகவில்லை என்று தெரிந்தும் அண்ணி உனக்காக ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருக்கிறாள். "ராத்திரியில டெக்குல நின்னா குளிரும், அவளுக்கு யாரு இருக்கா" என்கிறாள். மரூன் கலர். சாயங்காலம் முழுக்க ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஒருபக்கம், நான் ஒருபக்கம். பொழுது நன்றாகப் போகிறது.

நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேப்பர் படித்ததில் மறந்துபோய்ப் புகை மணி அடித்துவிட்டது. மாடிவீட்டுக்காரர் ஓடி வந்தார். "சார், உங்க வீட்டிலேயா!" என்று ஒரே சிரிப்பு. பேட்டரி நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

வேறு இடம் ஏதாவது இருந்தால் எழுது. பார்க்கலாம். நேரமாகிவிட்டது, வருகிறேன்.
அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம். இன்றைக்கு எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நீ கேட்ட வேறு இடம் கிடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் மலை, நடுவே வாய்க்கால் மாதிரி நீண்டு கிடக்கிற கடல். அலை அடங்கியிருக்குமாம். ஜூனில் திமிங்கலங்கள் குட்டியோடு அந்த வழியாகப் போகும். கரையில் இறங்குவதே கிடையாது, ஆகவே பாறை இல்லை, இடுப்பு எலும்புக்கு வேலை இல்லை. கப்பல் தள்ளி நிற்கும், இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். துரத்தக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது. வந்தால் பார்ப்பது, வராவிட்டால் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. அது நம் பக்கம் வருவதும் வராததும் அதன் இஷ்டம். சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்கு அருகே வந்து நங்கூரம் போட்டுவிடுவார்கள். போதுமா ஆய்வாளரே?

நீ "வருகிறேன்" என்று எழுதியிருந்ததைக் கவுண்டர் பெண்ணிடம் காட்டினேன். "அண்ணன் வர்றேன்னு எழுதிட்டாரு, பாருங்க" என்றேன். அவளும் படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இரண்டு படுக்கை உள்ள அறையைப் பிடித்துவிட்டேன். உன் பெயரை மே ஐந்துக்குள் கையெழுத்தோடு கொடுத்தால் போதும்.

ஸ்வெட்டரை அனுப்பச் சொல். அண்ணி பின்னியதைப் பார்க்காமல் என் கட்டை வேகாது.

துள்ளிக்கொண்டிருக்கும்,
தங்கை


மார்ச் 31

டமாரத்துக்கு,

இங்கே இருவரும் சுகம்.

தமிழ் தெரிந்தவள்தானே நீ? எழுந்து போகிறவன் 'போகிறேன்' என்றா சொல்வான்? 'வருகிறேன்' என்றுதான் சொல்வான். வருகிறேன் என்றால் போகிறேன் என்று அர்த்தம். இதைக்கூட விளக்கி எழுதும் நிலைமை எனக்கு வந்துவிட்டது. அறையை ரத்து செய். அண்ணிக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, இப்போது விட்டுவிட்டு வர முடியாது.

ஸ்வெட்டர் தனிப் பார்சலில் வருகிறது. போட்டுப் பார்த்து எழுது.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் சௌக்கியம்தான்.

'வருகிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கவுண்டரில் நீட்டினேன். வேறு எந்த வழியிலும் உன்னை வரவைக்க முடியவில்லை.

ஸ்வெட்டர் வந்தது. அளவு சரியாக இருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் இருந்த கடை லேபிளை அழகாகக் கத்தரித்திருக்கிறாய், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. விலாப்பக்கத் தையலுக்குள் இன்னொன்று இருக்கும் என்று உனக்குத் தெரியவில்லை. பொடி எழுத்தில் இருக்கிறது. 'தனியாகத் துவைக்கவும். பிழியக் கூடாது.' பொடி எழுத்துப் படித்தே காலம் தள்ளியவளிடம் இதை அனுப்பலாமா?

அது வராமல் இருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன். உனக்குக் கல்யாணமான புதிதில் அண்ணி ஆசையாக வாங்கி மாட்டிய திரைச்சீலையைப் பார்த்து, "பூவெல்லாம் அச்சு பிசகியிருக்கு அண்ணி" என்றேன். பிசகித்தான் இருந்தது. அன்றைக்கு மூடிய வாய். இத்தனை வருடத்தில் என்னை ஒரு வார்த்தை விசாரித்தவர் இல்லை. அப்படிப்பட்டவர் ஜனவரியிலிருந்து என் சாப்பாட்டை நினைத்து உருகுகிறார், ஸ்வெட்டர் பின்னுகிறார். உனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை அண்ணா. நீ அவரை ரொம்ப நல்லவராக்கிவிட்டாய்.

அண்ணி வீட்டில் இருந்தால் பாலை நீ ஏன் அடுப்பில் வைத்தாய்? புகை மணி அடித்தபோது மாடிவீட்டுக்காரர் ஏன் ஓடி வர வேண்டியிருந்தது?

அண்ணி எங்கே?

தங்கை


ஏப்ரல் 28

அண்ணா,

சுகமா? பதில் இல்லை.

கடைசித் தேதி மே ஐந்து. அதற்குள் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நீ எதையும் விளக்க வேண்டாம். நான் ஒன்றும் கேட்கவும் மாட்டேன், கேட்டாலும் எனக்குப் பதில் காதில் விழாது. சும்மா வந்து கூட இரு. அது போதும் எனக்கு.

தங்கை


மே 2

அன்புள்ள டமாரத்துக்கு,

நான் சுகம். அவளும் சுகமாகத்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன்.

போன ஜூலையில் போய்விட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது. முதலில், வாரக் கடைசியில் வந்துவிடுவாள், எதற்கு எழுதுவது என்று இருந்தேன். அப்புறம் எழுதுவதற்கு நேரம் தாண்டிவிட்டது.

ஏரியில் பறவை பார்க்கப் படகு விடுகிறார்கள். அவள் எனக்குச் சொல்லாமல் இரண்டு சீட்டு வாங்கி வைத்திருந்தாள். போனோம். ஏறி உட்கார்ந்ததும் மிதவைச் சட்டைகளை எண்ணினேன். ஆட்களைவிடக் குறைவு. சும்மா இருக்க முடியுமா? படகை நிறுத்தச் சொன்னேன். அவன் முறைத்தான், நானும் விடவில்லை. கடைசியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் அழுதன. நான் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சத்தம் போடவே இல்லை. "நீங்க சொன்னது சரிதான். எப்பவுமே நீங்க சொல்றது சரிதான். ஆனா நான் இதுவரைக்கும் எங்கேயும் போனதில்லை, பார்த்தீங்களா?" என்றாள். "உயிரோட இருக்கியே" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மறுநாள் காலையில் ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு மேலேயே ஓர் அறை எடுத்திருக்கிறாள். இதே ஊரில்தான், அந்தக் கோடியில். ஒரு நாள் மூட்டுவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் போனேன். "சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க" என்றாள். எல்லோருக்கும் சொல்வது மாதிரியே.

நான் ஏன் உன்னோடு வரவில்லை என்றால், அவள் திரும்பி வரும் நேரத்தில் வீடு பூட்டியிருக்கக் கூடாது. வந்து பார்த்துவிட்டு ஆளில்லை என்று போய்விட்டால்? கடைக்குப் போனால்கூட ஓடி வந்துவிடுகிறேன். பகலில் கதவைப் பூட்டுவதில்லை. தீத்தடுப்புக்காரன் வீடு திருடனுக்குத் திறந்து கிடக்கிறது, சிரிக்காதே.

மரூன் ஸ்வெட்டர் கடையில் பார்த்ததும் உனக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அது பொய் இல்லை.

இதை அவளிடம் போய்க் கேட்டு வைக்காதே.

அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா? பாலை அடுப்பில் வைத்தால் பக்கத்திலேயே நில்.

உன் கடிதம் தாமதமாக வந்தது. கோபித்துக்கொள்ளாமல் படி.

ஏப்ரல் கடைசியில், உன்னிடமிருந்து ஒன்றும் வராதபோது, அண்ணி வேலை பார்க்கும் மருந்துக் கடை விலாசம் என்னிடம் இருந்தது, அங்கே அவருக்கு ஒரு கடிதம் போட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கப்பலைப் பற்றி எழுதினேன். அறைத் துணை இல்லாமல் என்னை ஏற்ற மாட்டார்கள், அண்ணன் வர மாட்டேன் என்கிறான், திரைச்சீலை விஷயத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று எழுதினேன். பதில் உடனே வந்தது. எனக்கு அவர் எழுதிய முதல் கடிதம். "எந்தத் தேதி?" அவ்வளவுதான் அதில் இருந்தது.

ஐந்தாம் தேதி நேரில் வந்து கையெழுத்துப் போட்டார். அலுவலகத்திலிருந்து என் அறைக்கு வந்தோம். எனக்குக் காது கேட்காது, அவருக்குப் பேசப் பிடிக்காது, பொருத்தமான ஜோடி. டீ போட்டேன். அவர் என் ஜன்னல் திரையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் உன் கடிதம் வந்து பெட்டியில் கிடந்தது.

நான் படித்தேன். படித்துவிட்டு, நீ கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தும், அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஒளித்து வைத்து ஒளித்து வைத்துத்தான் இப்படி ஆயிற்று. அவர் முழுக்கப் படித்தார். எழுந்து போய் டம்ளர்களைக் கழுவினார், கழுவிய டம்ளர்களையே மறுபடியும் கழுவினார். பிறகு என் பென்சிலை எடுத்து எழுதினார்: "சாவி எங்கிட்ட இருக்கு. அது அவருக்கும் தெரியும். கதவைப் பூட்டிக்கிட்டு இருக்கச் சொல்லு."

கோபமாக எழுதினாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. குரல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அறையில் இரண்டு படுக்கைதான் அண்ணா. நீ ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் உன் பெயரைத்தான் எழுதியிருப்பேன். ஜூன் ஏழாம் தேதி கப்பல். எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, உன்னை நினைத்தால் சோறு இறங்கவும் மாட்டேன் என்கிறது.

தங்கை


மே 22

அன்புள்ள டமாரத்துக்கு,

நான் சுகம். மூட்டுவலி பரவாயில்லை.

சாவி அவளிடம் இருப்பது தெரியும். சாவி வைத்திருப்பவளுக்காகக் கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருப்பது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நேற்றிலிருந்து பூட்டுகிறேன்.

கோபமும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஏரியில் அரை மணி நேரம் படகில் போக விடாதவன் நான். அவள் என் தங்கையோடு கடலுக்கே போகிறாள். நன்றாக இருங்கள் இரண்டு பேரும்.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படி. உன் அண்ணி தூங்கினால் இடி விழுந்தாலும் எழ மாட்டாள். அலாரம் அடித்தால் அதைத் துணிக்குள் திணித்துவிட்டுத் தூங்குவாள். ஒரு தடவை எங்கள் கட்டிடத்தில் நிஜமாகவே புகை வந்து மணி அடித்தபோது, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிறங்கினேன். தெருவில் உட்கார வைத்த பிறகுதான் கண்ணைத் திறந்து, "என்ன, தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டாள். காது கேட்காத ஒருத்தி, கேட்டாலும் எழாத ஒருத்தி. கப்பல்காரர்கள் இதைத்தான் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் பயணம் நின்றுவிடும். தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதவில்லை.

அதற்குப் பதிலாக இதைச் செய். கப்பலில் ஏறியதும், காது கேட்காதவர்களுக்கான அதிர்வுக் கருவி வேண்டும் என்று கேள். தட்டையாக, உள்ளங்கை அளவு இருக்கும். தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால், அபாய மணி அடிக்கும்போது அது உன் தலையைப் பிடித்து உலுக்கிவிடும். கப்பலிலேயே வைத்திருக்கிறார்கள், கேட்பவர்களுக்குக் கொடுப்பார்கள். அது இருந்தால் காது கேட்காதவர் அறையில் தனியாகவே தூங்கலாம். துணை வேண்டும் என்ற சட்டமே அப்போது கிடையாது. கவுண்டர் பெண்ணுக்கு இந்த விவரம் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும். உன் முதல் கடிதம் வந்த கையோடு கப்பல் கம்பெனிக்கே போன் செய்து கேட்டேன். அவர்களே சொன்னார்கள். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அடுத்த கடிதத்தில் நன்றி சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பியிருப்பாய். நீ வராவிட்டால் நான் போக முடியாது என்று என்னிடம் சொல்ல இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. நான் மாட்டேன் என்று எழுத எழுத, நீ மறுபடியும் வா என்று எழுதினாய். அது நின்றுபோக வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அந்த ஆசையில் உன்னையும் ஏமாற்றினேன், வந்திருக்கக் கூடிய நானும் வரவில்லை.

ஆக, உனக்குத் துணை என்று யாரும் தேவையில்லை. அதற்காக அவளை விட்டுவிட்டுப் போய்விடாதே. கூட்டிக்கொண்டு போ. மணி அடித்தால் முதலில் நீ எழுந்து மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள், பிறகு அவளை எழுப்பு. கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. தோளை உலுக்கினால் திரும்பிப் படுப்பாள். இடது கால் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். உடனே எழுந்துவிடுவாள்.

அண்ணன்